உப்பில் விளைந்த இனிஷியல்

தருவைக்கரை உப்பளத்தில் அப்பன்மாரின் பெயர் உப்பாக விளையத் தொடங்கியது, ஜெரோன் மச்சாது கப்பல் வேலையை உதறிவிட்டு ஒரு நண்டுப் பெட்டியோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கிய வருஷத்தில்தான் என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அது எண்பத்தொன்றா எண்பத்திரண்டா என்பதில்தான் தகராறு. வீட்டில் கல்யாணம் நடந்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள், சாவு விழுந்தவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். பூங்கனியைக் கேட்டால் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் என்பாள். அந்த உப்பை முதலில் கண்டவளும் அதைத் தினமும் வாரியவளும் அவள்தான் என்பதால் அவள் சொல்வதையே நாமும் வைத்துக்கொள்வோம்.

ஜெரோன் மச்சாது கப்பலில் கரண்டு வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியதில் அமெரிக்கக் கரையோரச் சாராயக்கடை ஒன்றில் இரண்டு மட்டையும் ஒரு பந்தும் மட்டுமே உள்ள ஆட்டப் பெட்டியைப் பார்த்திருக்கிறார், போட்ட காசு நிரம்பித் தொண்டை அடைத்து அது நின்றுபோன கதையையும் கேட்டிருக்கிறார். பிறகு ஜப்பானில், கோட்டு போட்ட பெரிய மனுஷர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வரிசை கட்டி நின்று குனிந்து கும்பிடுகிற மாதிரி ஆடிய ஒரு பெட்டியைப் பார்த்தார். பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டார். வேலையை விட்டு வரும்போது மற்றவர்கள் டேப் ரிக்கார்டரும் சேலையும் வாங்கிக்கொண்டு வர, இவர் பழையதாக அதில் ஒன்றை வாங்கி வந்து, உப்பளத்தை ஒட்டி இடிந்து கிடந்த சரக்குக் கிட்டங்கியில் நிறுத்தி, எர்த் கம்பியைப் பின்பக்கம் உப்புத்தண்ணி ஓடுகிற வாய்க்காலில் புதைத்தார். அந்தக் கம்பியால்தான் எல்லாம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெட்டியின் திரை கறுப்பு வெள்ளை. அதன் மேல் பச்சையிலும் சிவப்பிலும் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்ததால் கலர் மாதிரித் தெரியும். மேலே வரிசை வரிசையாக நண்டுகள் டொம் டொம் என்ற சத்தத்தோடு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். அடியில் இடமும் வலமும் ஓடுகிற ஒரு சின்ன ஓடம். ஓடத்திலிருந்து சுட்டு அவை தரையைத் தொடுவதற்குள் தீர்க்க வேண்டும், குறையக் குறைய மிச்சமுள்ளவை வேகம் பிடிக்கும், கடைசி ஒற்றை நண்டு பேய் பிடித்ததுபோல் ஓடும். ஜப்பான்காரர்கள் அவற்றை என்னவென்று அழைத்தார்களோ, நம் ஆட்களுக்கு அது நண்டு. எட்டுக் கால் எண்ணிப் பார்க்காமலே நண்டு என்று சொல்லிவிடுகிற கடற்கரை ஜனம்.

ஆட்டம் முடிந்ததும் உங்கள் புள்ளி அன்றைய முதல் எட்டுக்குள் வந்தால் பெட்டி மூன்று கட்டத்தைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்கும். முதல் நாள் கூட்டம் நின்று அது என்ன கேட்கிறது என்று விசாரித்தபோது ஜெரோன் சாதாரணமாகச் சொன்னார்: "இனிஷியல் போடச் சொல்லுது."

அங்கேதான் விஷயம் திரும்பியது. ஜெரோன் போன சீமைகளில் இனிஷியல் என்றால் அவனவன் பெயரின் முதலெழுத்துகள். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பன். மூன்று கட்டம் இருக்கிறதா, அப்பன் எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று, தன் எழுத்து ஒன்று என்று கனகச்சிதமாகப் பொருந்திப்போனதில், ஜப்பான்காரன் நம்மை நினைத்தே செய்திருக்கிறான் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் ஜெரோன் சுவிட்சை அணைப்பார். அணைத்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுநாள் காலையில் எட்டு வரியும் வெறுமையாகத்தான் திறக்கும்.

பெட்டி மறந்ததை உப்பு மறக்கவில்லை. மறுநாள் விடிகாலை உப்பு வாரும் பலகையும் கையுமாக வரப்பில் ஏறிய பூங்கனி, கிட்டங்கிக்குப் பின்னால் உள்ள எட்டுப் பாத்தியிலும் ஒரே நாளில் உப்பு இறுகி, ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று மூன்று எழுத்து முழ அகலத்துக்கு எழும்பி நிற்பதைக் கண்டாள். உப்புக்கல்லும் சதுரம், பெட்டியின் எழுத்தும் சதுரம் சதுரமாகக் கட்டியது, ஆகவே அச்சு அசலாக இருந்தது. பெட்டியின் முதல் வரி வரப்பை ஒட்டிய முதல் பாத்தியில், எட்டாம் வரி எட்டாம் பாத்தியில். எஸ், புள்ளி, பி என்று முதல் பாத்தியில் நின்றது கங்காணி பரமசிவத்தின் இனிஷியல். அவன் அப்பா சுடலைமுத்து செத்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

முதல் வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் வாரம் சட்டதிட்டம் வகுத்துவிட்டது. எழுத்துக்கு உரியவனும் அவன் சொந்தக்காரர்களும் அந்தப் பாத்தியை மிதிக்கக் கூடாது. மகன் ஒரு கைப்பிடி மட்டும் அள்ளித் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பன் படத்துக்கு முன்னால் வைக்கலாம். உயிரோடு உள்ள அப்பன்மார் அதைக் கஞ்சியில் போட்டுக் குடித்துவிட்டு, கடை உப்பைவிடக் கொஞ்சம் கரிப்பு கூடுதல் என்றார்கள். வீட்டுப் பங்கில் சண்டை போட்டுப் பத்து வருஷமாக அப்பனோடு பேசாத ஒருவன் நாலு மாசம் விடாமல் ஆடி அவரை ஐந்தாம் பாத்திக்குக் கொண்டுவந்தான், அவர் பஸ் ஏறி வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏல, அஞ்சாவதா?" என்று கேட்டார், ஆனாலும் அன்றைக்கு மகன் வீட்டில்தான் சாப்பிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளை உப்பில் வந்திருக்கிறாரா என்று விசாரித்தார்கள். சர்டிபிகேட்டைத் தொலைத்த ஒருவனுக்குக் கிராம அதிகாரி பாத்தியைப் பார்த்தே முத்திரை போட்டுக் கொடுத்தார். உப்புல வந்தாச்சு என்றால் இனிமேல் பேச்சில்லை என்று அர்த்தமாகிவிட்டது. மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் அளந்து பார்த்து, காற்றின் போக்கு என்று எழுதிக்கொண்டு, போகிற போக்கில் ஓர் ஆட்டம் ஆடித் தன் அப்பாவை எட்டாம் பாத்தியில் கண்டு, இரண்டு கைப்பிடி கூடுதலாக அள்ளிக்கொண்டு போனார். ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் மூழ்கிய மூன்று மாசம் அப்பன்மாருக்கு லீவு.

சரி, சொந்தக்காரன் மிதிக்கக் கூடாது என்றால் யார்தான் வாருவது? எந்த அப்பனுக்கும் சொந்தமில்லாத கால் வேண்டும். கங்காணி பரமசிவம் யோசிக்கவே இல்லை, "பூங்கனி வாரட்டும்" என்றான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு தருவைக்கரைக்கு வந்தவள் பூங்கனி. எந்த ஊர், யார் மகள், பிள்ளைக்கு அப்பன் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "நான் இருக்கேன்லா." அதற்கு மேல் கிண்டினால் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான், கேட்டவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். படிப்பு கிடையாது, கைநாட்டுதான். ஆனால் விடிய விடிய ஊரின் அப்பன்மாரைப் பலகையால் இழுத்து இழுத்து அம்பாரம் சேர்த்ததில், இது எஸ், இது எம், இது ஏ என்று மகள் தங்கபுஷ்பம் சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் எழுத்து முழுவதும் அவள் தோளுக்குப் பாடமாகிவிட்டது. கஞ்சி குடிக்கிற நேரத்தில் கிட்டங்கி ஜன்னலில் நின்று அவள் ஆட்டத்தையும் பார்த்தாள். ஆம்பிளைகள் நண்டைத் துரத்திக்கொண்டு ஓடி ஓடிச் சுட்டுச் சாவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வரும். உப்பு வாருகிறவள் துரத்துவதில்லை. இழுத்து, ஒதுக்கி, விலகி நிற்பாள்.

தங்கபுஷ்பம் பத்தாம் வகுப்புக்கு வந்தபோதுதான் சங்கடம் வந்தது. பரீட்சைக்குப் போகிற பெயர்ப் பட்டியலில் இனிஷியல் இல்லாமல் பெயர் ஏறாது என்று பள்ளிக்கூடத்துக் கிளார்க் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, காகிதத்தில் உள்ள கட்டத்தைத் தாண்டத் தெரியாத மனுஷன்.

"தகப்பன் பேருன்னு கேட்டிருக்கும்மா. ஒரு பேரு குடு, எழுதிக்கிடுதேன்."

"எம்பேரை எழுதுங்க சார்."

"தாய் பேரை எப்படிம்மா எழுத? திங்கக்கிழமை சாயங்காலம் பட்டியல் மெட்ராசுக்குப் போவுது. அதுக்குள்ள யாரையாவது சொல்லு. இல்லன்னா பிள்ளை இந்த வருசம் எழுத முடியாது."

வகுப்பில் முதல் மார்க்கு வாங்குகிற பிள்ளை. விஷயம் எப்படியோ கங்காணி காதுக்கும் போயிற்று. பெண்டாட்டி செத்து மூன்று வருஷமாகத் தனியாக இருந்த பரமசிவம், வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவன்போல் சொன்னான்.

"எம்பேரைப் போட்டுக்கோ பூங்கனி. இனிஷியல் பி, பரமசிவம். ஊர்ல எவன் கேக்கப்போறான்? பிள்ளைக்குப் பேரும் ஆச்சு, எனக்கு வீட்ல சோறாக்க ஆளும் ஆச்சு."

"உங்களை அண்ணாச்சின்னு கூப்புட்டுப் பழகிட்டேன் அண்ணாச்சி" என்றாள் பூங்கனி, பலகையை நிறுத்தாமல். "அதை மாத்துத உத்தேசம் இல்ல."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டு நேரே கிட்டங்கிக்குள் நுழைந்தாள். ஒரு பொம்பளை உள்ளே வந்தது அதுவே முதல் தடவை. அந்தப் பெட்டி வேறெந்தக் காசையும் தின்னாமல் பழைய இருபது பைசா பித்தளைக் காசை மட்டும் ஏற்கும் என்பதால், ஜெரோன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காசை எடுத்து நீட்டினார். முதல் ஆட்டம் மூன்று நிமிஷம், இரண்டாவது பத்து நிமிஷம். நாலாவது ஆட்டத்தில் ஓடத்தை இழுத்தாள், ஒதுக்கினாள், விலகி நின்றாள், நண்டுகள் அம்பாரத்தில் சரிகிற உப்பாகச் சரிந்தன, முதல் வரியில் வந்து நின்றாள். மூன்று கட்டம் கேட்டது. பி, புள்ளி, டி என்று போட்டாள். அம்மா பூங்கனி, மகள் தங்கபுஷ்பம்.

சனிக்கிழமை விடிகாலை முதல் பாத்தியில் அது நின்றபோது ஊர் கூடிவிட்டது. பி.டி. என்றால் நான்தான் என்று பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் முதல் ஆளாக வந்து நின்றார், அவர் ஆடியதே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பெருமாள் மகனா, பொன்னுச்சாமி மகனா என்று ஆளாளுக்கு டி-யில் தொடங்குகிற மகனைத் தேடினார்கள்.

"பி நான். டி எம்மவ" என்றாள் பூங்கனி.

ஒருவன், "பொம்பளை எப்படி இனிஷியல் ஆவா?" என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான், அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. அப்போது கங்காணி தொண்டையைச் செருமினான்.

"பி-ன்னா பரமசிவம். அவளுக்குச் சொல்ல வெக்கம். உப்புக்கு வெக்கம் ஏது? பதினாலு வருசத்து உண்மையை அது சொல்லிட்டு."

அடடா, எல்லாருக்கும் உடனே அர்த்தமாகிவிட்டது. அர்த்தமாவதற்கு ஜனங்கள் எப்போதும் அவசரப்படுவார்கள். பத்து மணிக்குள் கங்காணி பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துவிட்டான், உப்புல வந்தாச்சு என்ற பிறகு கிளார்க்குக்கும் மறுபேச்சு இல்லை, திங்கட்கிழமை தாயார் வந்து கைநாட்டு வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். தான் ஆடி ஜெயித்த எழுத்தே தன் கழுத்துக்குக் கயிறாகத் திரும்பி வந்ததை நினைத்து நினைத்து, பூங்கனி அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "எம்மா, அந்தப் பெட்டில எட்டு வரி இருக்குல்லா?"

"இருக்கு."

"வரிக்கு மூணு எழுத்துன்னா இருவத்திநாலு. நம்ம ரெண்டு பேரு முழுப்பேரும் எழுதலாம்."

சொல்லிவிட்டு அம்மாவின் முன்னங்கையைப் பிடித்து, பேனாவால் இங்கிலீஷில் எட்டு வரியை எழுதினாள். மேல் மூன்று வரியில் பூங்கனி, கீழ் ஐந்து வரியில் தங்கபுஷ்பம், மிச்சக் கட்டத்தில் புள்ளி. ஆனால் பெட்டி ஆட்டத்தில் எடுத்த புள்ளியை வைத்துத்தான் வரிசை கட்டும். முதல் வரிக்கு அதிகம், அடுத்ததற்கு அதைவிடக் குறைவு என்று படிப்படியாக இறங்கி வரவேண்டும். இடையில் வேறொருவன் ஆடி நுழைந்துவிட்டால் பெயர் உடைந்துபோகும். கங்காணி கட்டாயம் வருவான். இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பூங்கனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கங்காணி இதுவரை ஆடியதில் எது அதிகம்?

நாலாயிரத்து முந்நூற்று இருபது என்று மகளுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது, அவன்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தானே.

ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு லீவு. மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து ஜெரோன் கிட்டங்கியைத் திறக்க வந்தபோது வாசலில் எட்டுக் குடங்கள் வரிசையாக நின்றன. பூங்கனியோடு உப்பு வாருகிற எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்த ஊரில் தண்ணீர் லாரி வருகிற இடத்தில் குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி, அதைத் தாண்டி எவனும் போக முடியாது, போனால் அவன் வீட்டுக் குடம் அடுத்த நாள் தெருவில் உருளும். ஒன்பதாவதாக வந்த கங்காணி குடங்களைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான், தோளில் கிடந்த துண்டை எடுத்து எட்டாவது குடத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓரமாக நின்றான்.

முதல் ஆட்டத்தில் பூங்கனி ஒன்பதாயிரத்து நாற்பது எடுத்தாள். அப்படி ஒரு புள்ளியை அந்தப் பெட்டி தருவைக்கரையில் கண்டதில்லை, ஜெரோன் ஜப்பானிலேயே கண்டதில்லை என்றார். பி, ஓ, ஓ என்று போட்டாள். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவதில் எட்டாயிரத்து எழுநூறு வந்ததும் கையை எடுத்துவிட்டு, ஓடத்தை நண்டுகள் தின்னட்டும் என்று சும்மா நின்றாள். கைக்கு எட்டிய நண்டைச் சுடாமல் விடுகிறாளே என்று ஆம்பிளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்றாவதிலும் அப்படியே. ஒவ்வொரு ஆட்டம் முடிய ஒவ்வொரு குடம் வரிசையை விட்டு நகர்ந்தது. நாலாவது வரி ஏறியபோது ஜெரோன் மேலிருந்து கீழாக மனசுக்குள் எழுத்துக்கூட்டிப் படித்தார், கப்பல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மகள் பக்கத்தில் நின்று புள்ளியை மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டாவது ஆட்டத்தில் நாலாயிரத்து முந்நூற்று முப்பது வந்ததும் பூங்கனி இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு விலகினாள். அவளுடைய எட்டில் ஆகக் குறைந்தது, கங்காணி வாழ்நாளில் எடுத்ததைவிடப் பத்துப் புள்ளி கூடுதல்.

அப்புறம் அவன் ஆடினான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு மணியிலிருந்து ஆடினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் தாங்களாகவே முறையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள், இது அவர்கள் ஆட வேண்டிய ஆட்டமில்லை என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி ஆட்டத்தில் நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு வரை போய்விட்டான். ஒற்றை நண்டு மிச்சம், அது பேய் வேகத்தில் இடமும் வலமும் ஓட, அவன் துரத்த, அது ஓட, அவன் துரத்த, கோயில் மணி அடித்தது, நண்டு தரையைத் தொட்டது. ஜெரோன் சுவிட்சை அணைத்தார்.

திங்கட்கிழமை விடிந்தபோது தருவைக்கரை முழுவதும் வரப்பில் நின்றது. எட்டுப் பாத்தியும் ஒரே பெயராக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, வெயில் ஏற ஏறக் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். பூங்கனி. தங்கபுஷ்பம். அதில் பரமசிவத்துக்கு ஓர் ஓரம்கூட இல்லை. அப்பன்மாரின் எழுத்து ஒவ்வொன்றுதான் வந்திருக்கிறது, முழுப்பெயரோடு எவரும் அதுவரை வந்ததில்லை என்று ஒரு கிழவர் ஆச்சரியமாகச் சொன்னார், அவர் இரண்டு முறை உப்பில் வந்தவர்.

உப்பு லாரி வந்து ஹாரன் அடித்தது. யார் வாருவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. பூங்கனி வாரக் கூடாது, அவள் பெயர். தங்கபுஷ்பம் கூடாது. மற்றப் பெண்கள் எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்: "எங்க குடமும் நின்னுச்சுல்லா, நாங்களும் சொந்தம்தான்." ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள்.

பூங்கனி தன் பலகையை எடுத்துக் கங்காணியிடம் நீட்டினாள்.

"சொந்தக்காரங்க மிதிக்கக் கூடாது அண்ணாச்சி. நீங்க சொந்தம்னா நில்லுங்க, இல்லன்னா எறங்குங்க. லாரி நிக்கி."

குரலில் கோபம் இல்லை. அவன் அந்தப் பலகையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு உண்டு. பிறகு குடையை மடக்கினான், செருப்பைக் கழற்றினான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பாத்தியில் இறங்கினான். இருபது வருஷமாக வரப்பிலேயே நின்ற கால், உப்புத்தண்ணி ஏறியதும் எரிந்திருக்கும். அவன் இழுப்பதற்கு முன்னால் தங்கபுஷ்பம் குனிந்து வரப்போரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டாள், வைக்கப் படம் இல்லாததால் அம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள்.

அந்தக் கையோடுதான் பூங்கனி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கிளார்க் காலையிலேயே சைக்கிளில் வந்து பாத்தியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். உப்புல வந்தாச்சு. பட்டியலை விரித்து, தகப்பன் பெயர் என்று அச்சடித்த கட்டத்தில் பூங்கனி என்று எழுதினார், பக்கத்தில் பூ. தங்கபுஷ்பம் என்று எழுதி, எழுதியதைத் தானே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

பூங்கனி அதை மூடித் திருப்பித் தள்ளினாள். மகளின் பேனாவை வாங்கி, காகிதத்தின் மேல் நன்றாகக் குனிந்து, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு கோட்டையும் சதுரமாகக் கட்டி, தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான இங்கிலீஷில், தன் பெயரின் எட்டு எழுத்தையும் போட்டு முடித்தாள்.